ஊர் க்ரூப்பை மூடிவிடட்டுமா?

கேள்வி: காரிமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். மகளிர் குழுப் பொறுப்பில் இருக்கிறேன். 2020இல் ஊரடங்கு போட்டு, பெங்களூரு கட்டட வேலையிலிருந்து எங்கள் ஆட்கள் நடந்தும் லாரி பிடித்தும் திரும்பி வந்தபோது, நானும் நாலு காலேஜ் பையன்களும் சேர்ந்து ஊருக்கென்று ஒரு வாட்ஸ்அப் க்ரூப் ஆரம்பித்தோம். ரேஷன், சர்க்கரை மாத்திரை, அடுத்த வருடம் ஆக்சிஜன் படுக்கை, தடுப்பூசி முகாம் எல்லாமே அதில்தான். இன்று எழுநூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். குட் மார்னிங் படம், கட்சிச் சண்டை, கோயில் திருவிழாத் தகராறு. யாராவது மாரடைப்பில் போனால் "அந்த ஊசிதான்" என்கிறார்கள். போன மாதம், ஊசி போட்டு ஒரு குழந்தை இறந்துவிட்டது, தருமபுரியில் நடந்தது என்று ஒரு வீடியோ வந்தது. அடுத்த புதன்கிழமை ஐந்து தாய்மார்கள் ஊசிக்கு வரவில்லை. அதில் ஒருத்தி என் மருமகள். பேரனுக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. போன வாரம் பிஎம் கிசான் என்று ஒரு ஃபைல் வந்து, அதைத் தொட்ட ஒருவருக்கு 18,000 ரூபாய் போய்விட்டது. "போலீஸ் கேஸ் ஆகிறதுக்குள்ள மூடிடு" என்கிறார் வீட்டுக்காரர். மூடிவிடட்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூட வேண்டாம். மூடினால் ஒரு வாரத்துக்குள் வேறு யாராவது அதே பெயரில் இன்னொன்றை ஆரம்பிப்பார்கள். அதில் நீங்கள் இருக்க மாட்டீர்கள், அதுதான் வித்தியாசம். பெங்களூருவிலும் ஓசூரிலும் வேலையில் இருக்கும் உங்கள் ஊர்க்காரர்களுக்கு ஊரில் ஒரு சாவு, கோயில் வரி, அம்மாவுக்கு மாத்திரை தீர்ந்த சேதி எல்லாம் அந்த வழியாகத்தான் போகிறது.

க்ரூப்பில் மேலே தள்ளிக்கொண்டே போய் 2020, 2021 செய்திகளை ஒருமுறை படித்துப் பாருங்கள். "ரேஷன் கடையில பருப்பு வந்திருக்கு, இப்ப கூட்டம் இல்ல." "நாளைக்குப் பஞ்சாயத்து ஆபீஸ்ல ஊசி, ஆதார் எடுத்துட்டு வாங்க." இப்படித்தான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் நேரில் பார்த்த ஒரு ஆள் இருந்தார். சந்தேகம் வந்தால் பத்து நிமிடம் நடந்து போய்ச் சரிபார்க்கலாம். இரண்டு வருடம் அப்படிப் பழகியதில் "நம்ம க்ரூப்புல வந்தா நெஜமா இருக்கும்" என்ற எண்ணம் ஊருக்குள் வேர் பிடித்துவிட்டது. 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது. நெருக்கடி போனது, அந்த எண்ணம் போகவில்லை. இப்போது யாரும் பார்க்காத, எந்த ஊரில் நடந்தது என்றே தெரியாத சரக்கு அதே எண்ணத்தின் மேல் ஏறிக்கொண்டு வீட்டுக்குள் வருகிறது. உங்கள் மருமகள் விவரம் தெரியாமல் நம்பவில்லை. இதே க்ரூப் சொன்னதை நம்பி 2021இல் ஊசி போட்டுக்கொண்டவர், இன்று அதே க்ரூப் சொன்னதை நம்பிக் குழந்தையைக் கூட்டிப்போகாமல் இருக்கிறார்.

உங்கள் கடிதத்தில் உள்ளவற்றில் அவசரமானது பேரனின் ஊசி. மற்றதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும்.

ஒன்பது மாதம் முடிந்ததும் போடுவது தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்குமான எம்ஆர் ஊசி. இரண்டாவது தவணை 16 முதல் 24 மாதத்துக்குள். தட்டம்மை காற்றில் பரவுகிறது. நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி அங்கே இருக்கும். ஊரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குழந்தைகளுக்குப் போட்டிருந்தால்தான் அது பரவ வழியில்லாமல் நிற்கும். ஒரு சின்ன ஊரில் ஐந்து குழந்தைகள் விட்டுப்போவது சிறிய ஓட்டை இல்லை. 2022 கடைசியில் மும்பையில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தார்கள். கொரோனா காலத்தில் தவறிப்போன தவணைகள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். நாள் தள்ளிப்போனதால் இனி போட முடியாதோ என்று மருமகள் பயந்தால், ஐந்து வயது வரை போடலாம் என்று சொல்லுங்கள். ஆனால் தள்ளிப்போகும் ஒவ்வொரு வாரமும் பிள்ளை பாதுகாப்பில்லாமல் இருக்கிறான்.

இந்தப் பேச்சை க்ரூப்பில் வைத்துக்கொள்ளாதீர்கள். எழுநூறு பேர் முன்னால் ஒரு தாயிடம் "நீ நம்பினது பொய்" என்றால், அவர் தன் மானத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். ஊசிக்கு வர மாட்டார். கிராம சுகாதார செவிலியரையும் அங்கன்வாடி டீச்சரையும் கூட்டிக்கொண்டு செவ்வாய்க்கிழமைக்குள் ஐந்து வீட்டுக்கும் போங்கள். போனதும் ஊசியைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள். "அந்த வீடியோவுல எது உனக்குப் பயமா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். ஐந்து பேருக்கும் ஒரே பயம் இருக்காது. ஒருத்திக்குப் போன தவணையில் வந்த காய்ச்சல் நினைவு, இன்னொருத்திக்கு மாமியார் என்ன சொல்வாரோ என்ற பயம், மற்றொருத்தி அந்த வீடியோவை முழுதாகப் பார்த்திருக்கவே மாட்டாள். அவரவர் பயத்துக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

காய்ச்சல் வரவே வராது என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில் போடும், ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியில் அன்றோ மறுநாளோ காய்ச்சல் வரலாம், போட்ட இடம் வீங்கலாம், ஓரிரு நாளில் போய்விடும். எம்ஆர் ஊசியில் சில குழந்தைகளுக்கு 7 முதல் 12 நாள் கழித்து லேசான காய்ச்சலும் சிவந்த தடிப்பும் வரலாம். முன்கூட்டியே இதைச் சொல்லிவிட்டால் வரும்போது தாய் பதற மாட்டாள். சொல்லாமல் விட்டால் அந்த வீடியோ நிஜமாகிவிட்டது என்று நினைப்பாள். ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாத அழுகை, வலிப்பு, மூச்சுத் திணறல், முகம் வீங்குதல் இவற்றில் எது வந்தாலும் 108ஐ அழைத்துப் போக வேண்டியதுதான்; காத்திருக்கக் கூடாது.

இனி அந்த வீடியோ. இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று காலேஜ் பையன்களில் இருவருக்காவது கற்றுக்கொடுங்கள். நிறைய ஊர்களில் அட்மின்கள் சறுக்குவது இங்கேதான். உண்மையா பொய்யா என்று மனசுக்குள்ளேயே யோசித்துக்கொண்டிருப்பார்கள். யோசித்துக் கண்டுபிடிக்கிற காரியமில்லை இது, தேடிப் பார்க்க வேண்டிய காரியம்.

முதலில் செய்தியின் தலையில் அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு அம்பு என்றால் எங்கிருந்தோ வாங்கி அனுப்பியது. இரண்டு அம்பு சேர்ந்திருந்தால் குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. 2020 ஏப்ரலிலிருந்து அந்த இரட்டை அம்புச் செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு க்ரூப்புக்கோதான் அனுப்ப முடியும். "எங்க தெருவுல நடந்தது" என்று சொல்கிற செய்தியில் இரட்டை அம்பு இருந்தால் அது பெரும்பாலும் உங்கள் தெருவில் நடந்ததாக இருக்காது.

அடுத்தது வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது. சத்தத்தை முழுதாக அணைத்துவிட்டுப் பாருங்கள். பின்னணி அழுகையும் பேச்சும்தான் நம் கண்ணைக் கட்டுகின்றன. வண்டி எண் தெரிகிறதா? தருமபுரி என்றால் டிஎன் 29, கிருஷ்ணகிரி 24, ஓசூர் 70. கேஏ என்றால் கர்நாடகம், ஏபி என்றால் ஆந்திரம். ஆஸ்பத்திரிப் பலகையில் என்ன எழுத்து? கன்னடமும் தெலுங்கும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். உங்கள் பக்கத்தில் இரண்டும் படிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை, ஒருவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். போலீஸ் தொப்பி, செவிலியர் உடை, பஸ்ஸின் நிறம் ஒவ்வொன்றும் ஒரு மாநிலத்தைக் காட்டிக்கொடுக்கும்.

பிறகு தெளிவாக இருக்கும் இடத்தில் மூன்று ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்: ஒரு முகம், ஒரு பலகை, ஒரு கட்டடம். கூகுள் லென்ஸில் ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடுங்கள். அதே படம் இரண்டு வருடம் முந்தைய தேதியில் வேறு ஊர்ப் பெயரோடு கிடைத்தால் வேலை முடிந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை என்பதால் மட்டும் உண்மை என்று ஆகாது. அப்போது துணை சுகாதார நிலையத்துக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போன் போடுங்கள். அரசின் 104 மருத்துவ உதவி எண்ணில் கேளுங்கள். தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய தகவல் சரிபார்ப்பகத்தின் பக்கத்தையும், மத்திய அரசின் பிஐபி ஃபேக்ட் செக் பக்கத்தையும் பாருங்கள். இப்போது ஆளின் குரலையும் முகத்தையும் கணினியே செய்துவிடுகிறது. அதனால் "பார்த்தால் நெஜம் மாதிரி இருக்கு" என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. எங்கிருந்து வந்தது என்பதைத்தான் பிடிக்க வேண்டும்.

தேடும்போது நிஜமாக நடந்த ஒன்றில் போய் முட்டவும் கூடும். 2022 ஜனவரியில் கர்நாடகத்தின் பெலகாவி மாவட்டத்தில் எம்ஆர் ஊசி போட்ட பிறகு மூன்று குழந்தைகள் இறந்தன. ஊசி மருந்தைக் கையாண்டதில் நடந்த அலட்சியம் என்று விசாரணையில் தெரியவந்தது. இதைத் தாய்மார்களிடம் மறைக்காதீர்கள். அது பொய் என்று நீங்கள் சொல்லி, நாளைக்கு ஒரு பையன் பழைய செய்தியை எடுத்துக் காட்டினால், அதன்பின் நீங்கள் சொல்லும் எதுவும் எடுபடாது. நடந்ததை அப்படியே சொல்லி, காரணத்தையும் சொல்லுங்கள். எம்ஆர் மருந்து பொடியாக வரும். கரைசல் சேர்த்துக் கலக்கிய பிறகு நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். அதற்கு மேல் வைத்திருந்தால் குப்பிக்குள் நச்சுக் கிருமி வளரக்கூடும். குப்பியைத் திறந்த நேரத்தை அதன் மேலேயே எழுத வேண்டும் என்பது விதி. ஆகவே தாய் கேட்கலாம்: "எத்தனை மணிக்கு ஓப்பன் பண்ணீங்க சிஸ்டர்?" எந்த நல்ல செவிலியரும் இதற்குக் கோபப்பட மாட்டார், குப்பியைத் திருப்பிக் காட்டுவார். பயந்திருப்பவருக்கு அறிவுரையை விட இப்படி ஒரு கேள்வியைக் கையில் கொடுத்தனுப்புவது அதிகம் உதவும்.

மாரடைப்பு விஷயமும் இதே மாதிரிதான், பாதி உண்மையை வைத்துக் கட்டியது. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டுக்கொண்டார், 17ஆம் தேதி இறந்தார். தமிழ்நாட்டில் ஊசி பற்றிய பயம் அந்த வாரத்தில் கிளம்பியது. அந்த மரணத்தை ஆராய்ந்த தேசியக் குழு, ஊசி காரணமில்லை என்று அதே ஆண்டு அக்டோபரில் சொன்னது. அதை யாரும் ஃபார்வர்ட் செய்யவில்லை. 2024இல் இங்கிலாந்து நீதிமன்ற வழக்கில், தன் ஊசியால் மிக அரிதாக ரத்தம் உறையும் பக்கவிளைவு வரலாம் என்று அஸ்ட்ராஜெனகா ஒப்புக்கொண்டதும், அதே ஊசியை இங்கே கோவிஷீல்டு என்ற பெயரில் போட்டுக்கொண்டவர்கள் எல்லாரும் கலங்கினார்கள். அந்தப் பக்கவிளைவு உண்மை, மருத்துவ உலகம் 2021லேயே அறிவித்ததும்கூட. ஆனால் அது பெரும்பாலும் ஊசி போட்ட நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் வருவது. மூன்று வருடம் கழித்து ஒருவர் மாரடைப்பில் இறந்தால் அதை இதோடு முடிச்சுப் போட முடியாது. 18 முதல் 45 வயதுக்குள் திடீரென்று இறந்தவர்களைப் பற்றி மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆர் 47 மருத்துவமனைகள் வழியாக ஆராய்ந்து 2023இல் வெளியிட்டது. ஊசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை. கூட்டியவை வேறு: கொரோனாவுக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தது, குடும்பத்தில் திடீர் மரணம் நடந்திருப்பது, ஒரே நேரத்தில் அளவுக்கு மீறிக் குடிப்பது, இறப்புக்கு முந்தைய ஓரிரு நாளில் வழக்கமில்லாத கடும் உழைப்பு. க்ரூப்பில் யாராவது மறுபடி கிளப்பினால் இந்த நான்கையும் சொல்லுங்கள். "ஊசி இல்லை" என்று நிறுத்தினால் "அப்ப எதனால?" என்ற கேள்வி தொங்கிக்கொண்டே இருக்கும், வேறொரு வதந்தி வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

மறுப்பை எப்படிப் போடுவது? பெரும்பாலோர் அந்தப் பொய் வீடியோவையே திரும்ப அனுப்பி, கீழே "இது பொய், நம்பாதீர்கள்" என்று எழுதுகிறார்கள். படிக்கத் தெரியாதவர் வீடியோவை மட்டும் பார்ப்பார். கீழே எழுதியதை வெட்டிவிட்டு மேலே உள்ளதை மட்டும் அனுப்புபவரும் உண்டு. வீடியோவைத் திரும்பப் போடவே கூடாது. படம் காட்டியே ஆக வேண்டும் என்றால் ஸ்கிரீன்ஷாட்டின் குறுக்கே சிவப்புக் கோடு போட்டு, படத்தின் மேலேயே "பொய்" என்று எழுதிய பிறகு போடுங்கள். சொல்லும்போது உண்மையில் ஆரம்பித்து, பொய்யை ஒரே ஒருமுறை தொட்டு, உண்மையில் முடியுங்கள். எழுத்தை விடக் குரல் நல்லது, தெரிந்த குரலாக இருந்தால் இன்னும் நல்லது. முக்கால் நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். செவிலியர் பேசினால் இப்படி இருக்கலாம்:

"நம்ம துணை சுகாதார நிலையத்துல இருந்து நர்ஸ் பேசறேங்க. இன்னிக்குத் தேதி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை. நம்ம ஊர்ல இந்த வருஷம் ஊசி போட்ட கொழந்தைங்க எல்லாம் நல்லா இருக்குதுங்க. தருமபுரியில ஒரு கொழந்தை செத்துப்போச்சுன்னு வந்த வீடியோ இங்க நடந்தது இல்ல. பெரிய ஆஸ்பத்திரியிலயும் கேட்டுட்டேன். நாளைக்குப் புதன்கிழமை பத்து மணிக்கு அங்கன்வாடியில இருப்பேன். ஊசி போட்ட அப்புறம் அரை மணி நேரம் என் கூடவே உக்காருங்க. சந்தேகம் இருந்தா நேர்ல வந்து கேளுங்க."

இதில் தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது, யார் சொல்கிறார் என்பது இருக்கிறது. அடுத்த மாதம் யாராவது பழையதை எடுத்துப் போட்டாலும் குழப்பம் வராது. இந்த மூன்றும் இல்லாத எந்தச் செய்தியும் க்ரூப்பில் நிற்கக் கூடாது என்பதை ஒரே விதியாக வைத்தாலே பாதித் தொல்லை அடங்கும். 2021 மே மாதத்தில் தேதி போடாத "ஆக்சிஜன் படுக்கை காலி" செய்திகளை நம்பி எத்தனை பேர் நோயாளியை வண்டியில் வைத்துக்கொண்டு அலைந்தார்கள் என்பது உங்களுக்கே நினைவிருக்கும். அந்தச் செய்திகள் பொய்யில்லை, முந்தாநாள் உண்மை. கெடுதல் ஒன்றுதான்.

சட்டத்துக்கு வருவோம். உறுப்பினர் ஒருவர் போட்டதற்காக, அட்மினாக இருக்கிறார் என்ற ஒரே காரணத்தால் அட்மினைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. பிறகு கேரள உயர் நீதிமன்றமும் அப்படியே சொன்னது. வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் நீங்களே ஒன்றை ஃபார்வர்ட் செய்தால் அது உங்கள் பேச்சு. "எனக்கு வந்ததை அனுப்பினேன்" என்பது நீதிமன்றத்தில் எடுபடவில்லை. பீதியோ பகையோ கிளப்பும் பொய்ச் செய்திக்கு இப்போது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 353ஆவது பிரிவு இருக்கிறது. அட்மினுக்கு யாருடைய செய்தியையும் எல்லாருக்குமாக அழிக்கும் வசதி 2022 முதல் உண்டு. வெளியூர் ஆள், குழந்தை கடத்தல், சாதி, மதம் இவை பற்றிய எதையும் சரிபார்த்துக்கொண்டிருக்காமல் முதலில் அழியுங்கள். சரியென்று தெரிந்தால் பிறகு போட்டுக்கொள்ளலாம். 2018 மே மாதம், பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையின் அத்திமூரில், குலதெய்வம் கும்பிட வந்த இடத்தில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு வயதான அம்மாவை, பிள்ளை பிடிக்க வந்தவர் என்று நினைத்து அடித்தே கொன்றார்கள். அதற்கு முந்தைய வாரங்களில் அந்தச் சுற்று வட்டாரக் கைபேசிகளில் ஓடிக்கொண்டிருந்தது கடத்தல் வதந்திதான். ஓசூர்ப் பக்கம் வடமாநிலத் தொழிலாளர்கள் நிறைய இருக்கிறார்கள்; 2023 மார்ச்சில் அவர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் அவர்கள் ஊர்களில் பரவி, பயந்து ரயிலேறியவர்கள் உண்டு. நம் கைபேசியில் அவர்களைப் பற்றி வருவதும் அதே ரகம்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. 2020இல் கொரோனா வந்தவர்களின் பெயரும் தெருவும் உங்கள் க்ரூப்பில் வந்திருக்கும். அப்போது பல ஊரில் அப்படித்தான் நடந்தது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனாலும் அந்த வீடுகளுக்குப் பால் ஊற்ற மறுத்தார்கள், குழாயில் தண்ணீர் பிடிக்க விடவில்லை. இனி எந்த நோயாளியின் பெயரும், மருந்துச் சீட்டும், பாதிக்கப்பட்ட பெண் அல்லது குழந்தையின் படமும் க்ரூப்பில் வரக் கூடாது. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையை அடையாளம் காட்டுவது போக்சோ சட்டப்படி குற்றம். "நியாயம் கேட்கிறோம்" என்று போட்டாலும் குற்றம்தான். குழந்தைத் திருமணம் நடக்கப் போகிறது என்று தெரிந்தாலும் க்ரூப்பில் போடாதீர்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குச் சொல்லுங்கள், சொன்னவர் பெயர் வெளியே வராது.

க்ரூப்பை எப்படி மாற்றி அமைப்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பையன்கள் ஒரு மணி நேரத்தில் செய்துவிடுவார்கள். இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று ஊர் அறிவிப்பு: க்ரூப் செட்டிங்ஸில் போய் "செய்தி அனுப்புவது" என்பதை அட்மின்களுக்கு மட்டும் என்று வையுங்கள். மற்றது ஊர்ப் பேச்சு: குட் மார்னிங்கும் சண்டையும் அங்கே நடக்கட்டும், அதைத் தடுக்க நினைத்தால் உங்கள் உடம்புதான் கெடும். வாட்ஸ்அப்பில் கம்யூனிட்டி என்ற வசதியில் இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைக்கலாம்; அதன் அறிவிப்புப் பகுதியில் உறுப்பினர்கள் ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்க முடியாது, பெண்களுக்கு அது நல்லது. பழைய இன்வைட் லிங்க்கை ரீசெட் செய்யுங்கள், புதிதாகச் சேர்பவரை அட்மின் ஒப்புக்கொண்டால்தான் சேரும்படி வையுங்கள். எழுநூறு எண்ணில் யாருடையது என்றே தெரியாதவை இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தெருத் தெருவாகப் பார்த்து நீக்குங்கள்.

அட்மின் யார் என்பதில்தான் அதிக கவனம் வேண்டும். ஐந்து பேர் போதும். எல்லாரும் ஒரே தெரு, ஒரே சாதி, ஒரே கட்சி என்றால் அறிவிப்பு வந்தாலும் பாதி ஊர் நம்பாது. ஊர்த் தெருவில் ஒருவர், ஆதிதிராவிடர் குடியிருப்பில் ஒருவர், பெங்களூருவில் இருக்கும் ஒருவர், மகளிர் குழுவிலிருந்து நீங்கள், காலேஜ் பையன் ஒருவன். பிரச்சினைக்குரிய செய்தி வந்தால் இருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அறிவிப்பில் ஏற வேண்டும். வார்டு உறுப்பினரை உறுப்பினராக வையுங்கள், அட்மின் ஆக்க வேண்டாம். தேர்தல் வந்தால் உங்களுக்குத்தான் சங்கடம்.

அந்த 18,000 ரூபாய் விஷயம். பிஎம் கிசான், கல்யாணப் பத்திரிகை, வண்டி அபராதம் என்று எந்தப் பெயரில் வந்தாலும், ஃபைலின் வாலில் ஏபிகே என்று இருந்தால் அது ஒரு செயலி. தொட்டு நிறுவினால் வங்கி அனுப்பும் ஓடிபி குறுஞ்செய்தியைத் திருடும், பிறகு அதே வாட்ஸ்அப்பிலிருந்து எல்லா க்ரூப்புக்கும் தன்னைத்தானே அனுப்பிக்கொள்ளும். தெரிந்தவர் பெயரில் வந்தது அதனால்தான், அவரைத் திட்டாதீர்கள். தொட்டுவிட்டவர் உடனே டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து வங்கிக்கும், இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கும் அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தப் பார்ப்பார்கள் என்பதால் நிமிடங்கள்தான் கணக்கு, "காலையில பாத்துக்கலாம்" என்று இருக்கக் கூடாது. பரிவர்த்தனை எண், நேரம், தொகை மூன்றையும் எழுதி வையுங்கள். அந்தச் செயலியை நீக்கி, அது போகாவிட்டால் போனையே ரீசெட் செய்து, வாட்ஸ்அப்பில் லிங்க்ட் டிவைசஸ் என்ற இடத்தில் தெரியாத கருவி எதுவும் இருந்தால் வெளியேற்றுங்கள். எல்லாரையும் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனில் ஆறு இலக்க எண் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். மகளிர் குழுக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கினால் ஒரே நாளில் முப்பது போனுக்குப் போட்டுவிடலாம்.

அறிவிப்பு க்ரூப்பில் என்ன போடுவது என்ற தட்டுப்பாடு வராது. மக்களைத் தேடி மருத்துவம் உங்கள் பக்கத்து மாவட்டத்தில்தான், சூளகிரி அருகே சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது. ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரையோடு அவர்கள் உங்கள் ஊருக்கு எந்தத் தேதியில், எந்தத் தெருவுக்கு வருகிறார்கள் என்பதைப் போடுங்கள் (யார் யாருக்கு என்று பெயர் வேண்டாம்). தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் அன்றைய விலை, ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டி என்ன விலை போனது, போனவர் யார் என்ற பெயரோடு. ரத்தம் தேவை என்றால் நோயாளி இருக்கும் மருத்துவமனை, ரத்த வகை, எந்தத் தேதி வரை. கிடைத்ததும் "கிடைத்துவிட்டது" என்று அதே செய்திக்குக் கீழே.

போன் இல்லாத பாட்டி, பகலில் போனை மகன் எடுத்துக்கொண்டு போய்விடும் வீடு, இவர்களும் ஊரில்தானே இருக்கிறார்கள். ரேஷன் கடைச் சுவரில் ஒரு கரும்பலகை வைத்து, அறிவிப்பில் போட்டதை அன்றே சாக்பீஸில் எழுத ஒரு பெண்ணைப் பொறுப்பாக்குங்கள். எழுதிய தேதியையும் கீழே போடச் சொல்லுங்கள்.

அறிவிப்பு க்ரூப் தொடங்கியதும் முதல் செய்தியாக வருகிற புதன்கிழமை ஊசி நேரம் இருக்கட்டும். போடுவதற்கு முன்னால் செவிலியருக்கு ஒரு போன் போட்டு நேரத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள். அன்று பேரனை நீங்களே தூக்கிக்கொண்டு போங்கள், மருமகளும் கூட வரட்டும்.